கறுப்பு உருவத்தில் உறுமி எங்கே போனது?

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, நண்பர்கள் சேர்ந்து சின்னதாக ஓர் உறுமி மேளக் குழு நடத்துகிறோம். தைப்பூசம் முடிந்ததும் புது வகுப்பு தொடங்கப் போகிறோம். ஆப்பிளின் பாட்டு கேட்கும் கருவி ஐபாடுக்கு அந்தக் காலத்தில் வந்த விளம்பரம் மாதிரி, பளீர் நிறத்துக்கு முன்னால் ஆள் முழுக் கறுப்பாக நிற்கிற போஸ்டர் செய்ய ஆசை. கைப்பேசியில் எடுத்த படத்தை வெட்டிக் கறுப்படித்துப் பார்த்தேன். தொப்பை போட்ட ஒருவர் நிற்கிற மாதிரி இருக்கிறது, உறுமியைக் காணோம். எந்த மென்பொருள் வாங்க வேண்டும்?"

எதையும் வாங்க வேண்டாம் தம்பி. உங்கள் படத்தைப் பார்த்தேன். மேளக்காரர் கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறார், உறுமி வயிற்றுக்குக் குறுக்கே கிடக்கிறது. உறுமியின் ஒடுங்கிய நடுப்பகுதி அப்படியே வயிற்றோடு போய்விட்டது. இரண்டு பக்கத் தோலும் இடுப்புக்கு வெளியே கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்பதால் தொப்பை மாதிரி தெரிகிறது. கறுப்படித்த பிறகு படத்தில் மிஞ்சுவது ஓரக்கோடு மட்டும்தான். அந்தக் கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட எதையும் எந்த மென்பொருளாலும் வெளியே எடுக்க முடியாது. அதனால் இன்னொரு தடவை படம் எடுங்கள்.

இந்த முறை ஆளை முக்கால் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். உறுமியின் ஒரு முகமாவது உடம்பைத் தாண்டி முன்னால் வர வேண்டும். வாசிக்கும்போது உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்பார்களே, அந்தச் சாய்வு நல்லது. முழங்கையை விலக்கச் சொல்லுங்கள், கைக்கும் உடம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியட்டும். தேய்க்கிற வளைகுச்சியும் அடிக்கிற குச்சியும் கறுப்புக்கு வெளியே நீண்டிருந்தால்தான் அவை குச்சி என்று புரியும். வேட்டி கட்டினால் கால் இரண்டும் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி ஆகிவிடும். மடித்துக் கட்டி ஒரு காலை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் மூக்கும் தாடையும் கிடைக்கும். நேர்முகத்தைக் கறுப்படித்தால் வெறும் உருண்டைதான்.

ஸ்டூடியோ தேவையில்லை. உங்கள் பக்கத்துக் கடைவீடுகளில் அஞ்சடி, அதாவது கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை, இருக்கிறதல்லவா, அங்கே இரண்டு தூணுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டுங்கள். காலை வெயில் தெருப்பக்கமிருந்து விரிப்பில் அடிக்கட்டும். மேளக்காரர் விரிப்புக்கு இந்தப் பக்கம் நிற்க, நீங்கள் கடைக்குள்ளே போய் அங்கிருந்து எடுங்கள். நிழல்பாவைக் கூத்தின் திரை மாதிரிதான், ஒரே வித்தியாசம் ஆள் திரைக்கு முன்னால் நிற்கிறார். கைப்பேசித் திரையில் உறுமியின் மேல் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். விரிப்பு வெளுத்துப் போனால் போகட்டும், உறுமியின் கயிறுகள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். ஐம்பது படமாவது எடுத்தால் ஒன்று தேறும்.

சரி, மென்பொருள். ஃபோட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஃபோட்டோபீ, உலாவியிலேயே ஓடும், மெனுவெல்லாம் ஏறக்குறைய ஃபோட்டோஷாப்பேதான். கிம்ப்பும் இலவசம். இந்த வேலைக்கு மூன்றில் எதுவும் போதும்.

ஃபோட்டோஷாப்பிலும் ஃபோட்டோபீயிலும் 'செலக்ட் சப்ஜெக்ட்' அழுத்தினால் ஆளை முக்கால்வாசி அதுவே தேர்ந்தெடுத்துவிடும். கிம்ப்பில் அந்தப் பொத்தான் இல்லை, நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதிக் கால்வாசியில்தான் போஸ்டரின் உயிர் இருக்கிறது: குச்சி நுனி, விரல் இடுக்கு, காது. அங்கே பென் டூலை எடுத்து நூறு சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கி, கையால் கோடு போடுங்கள். குச்சியைத் தானியங்கித் தேர்வு பாதியில் விட்டுவிடும், நேர்க்கோடுகளாகப் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பறக்கிற முடியை ஒவ்வொன்றாகப் பிடிக்க மெனக்கெட வேண்டாம். இந்த பாணிக்குக் கத்தரித்த மாதிரி சுத்தமான ஓரம்தான் அழகு. ஓரத்தை மங்கலாக்குகிற ஃபெதர் அரை பிக்சலுக்கு மேல் போனால் ஆள் பனிமூட்டத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

தேர்வு முடிந்ததும் பிரஷ் எடுத்துப் படத்தின் மேலேயே கறுப்பு பூசாதீர்கள், நீங்கள் செய்த தவறு அதுதான். தேர்வு இருக்கும்போதே சாலிட் கலர் ஃபில் லேயர் ஒன்று போடுங்கள். லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்கிற மாஸ்க் தானாக வந்துவிடும். பிறகு குச்சியைக் கொஞ்சம் நீட்ட வேண்டுமென்றால் மாஸ்க்கில் வெள்ளை பூசினால் போதும், மூலப்படம் அடியில் பத்திரமாக இருக்கும். கிம்ப்பில் கறுப்பு லேயர் ஒன்றைப் போட்டு, தேர்விலிருந்து மாஸ்க் சேர்க்க வேண்டும். அதற்கு அடியில் பின்னணிக்கு ஒரே நிறம்.

இனி ஐபாட் சமாச்சாரம். 2003இல் டிபிடபிள்யூஏ ஷியாட் டே நிறுவனம் ஆப்பிளுக்குச் செய்த விளம்பரம் அது. ஆடுகிறவர்கள் கறுப்பு, பின்னணி பச்சை, ஊதா, மஞ்சள், இளஞ்சிவப்பு. ஐபாடும் காதிலிருந்து தொங்கும் வயரும் மட்டும் வெள்ளை. அந்த வயர்தான் ஆட்டத்தோடு வளைந்து வளைந்து போய்க் கண்ணை இழுத்துக்கொண்டு போய் பொருளிடம் விடும். விற்கிற பொருள் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு, கணக்கு அவ்வளவுதான். உங்கள் முதல் முயற்சியில் விற்கிற பொருளையே கறுப்படித்துவிட்டீர்கள்.

உங்களிடமும் ஒரு வயர் இருக்கிறது தம்பி, உறுமியைத் தோளில் மாட்டுகிற வார். வாரையும் உறுமியையும் வெள்ளையாக விடுங்கள், மற்றது கறுப்பு. தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குகிற அந்த வெள்ளைக் கோடு ஒன்றே உறுமியைக் காட்டிக் கொடுத்துவிடும். மூலப்படத்திலிருந்து உறுமியை மட்டும் தனி லேயரில் பிரதி எடுத்து, படத்தை வெறும் கறுப்பு, வெள்ளையாகப் பிரிக்கிற திரெஷோல்டு கொடுங்கள். அது முதலில் 128 வாக்கில் நிற்கும். கயிறுகள் மெல்லிய கறுப்புக் கோடாகவும் உடல் வெள்ளையாகவும் பிரியும்வரை இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். கயிறு தெரியும்படி படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். புள்ளி புள்ளியாக அழுக்கு நிற்கும், அதை பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். குச்சி கறுப்பாகவே இருக்கட்டும். வெள்ளை கூடினால் எதைப் பார்ப்பது என்று தெரியாது.

பின்னணிக்கு மஞ்சளைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். திரையில் மின்னுகிற பச்சையும் இளஞ்சிவப்பும் அச்சு மையில் வராது, மங்கிப் போய்த்தான் வரும். மஞ்சள் அவ்வளவாக ஏமாற்றாது. ஆனால் மஞ்சளுக்கு மேல் வெள்ளை எடுபடாது. மஞ்சளைக் கொஞ்சம் காவிப் பக்கம் தள்ளுங்கள், அல்லது உறுமியின் பெரும்பகுதிக்குப் பின்னால் கறுப்பு உடம்பு அமைகிற மாதிரி படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஏ3 அளவுக்கு 3508க்கு 4961 பிக்சல், நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டடிக்கு ஐந்தடி பன்டிங், அதாவது நெட்டுக்குத்தான பதாகை என்றால் தூரத்திலிருந்து பார்ப்பதுதானே, 2400க்கு 6000 போதும். கறுப்புதான் இதில் பெரிய பிரச்சினை. கறுப்பு மை மட்டும் போட்டால் இவ்வளவு பெரிய உருவம் சாம்பல் பூத்து வரும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கலந்தால் அடர்த்தியாக நிற்கும். அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் தங்கள் இயந்திரத்துக்கு வேறு கணக்கு வைத்திருப்பார்கள். சின்ன எழுத்துக்கு மட்டும் தனிக் கறுப்பு போதும். நான்கு மையும் இம்மி விலகினால் எழுத்து ஓரத்தில் நிறம் கசியும்.

எழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய ஃபோட்டோஷாப்பில் 'மேளம்' என்று அடித்தால் இரட்டைக்கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய் விழும். பல வருடங்களுக்கு முன் நான் கவனிக்காமல் அனுப்பி, ஒரு கோயில் திருவிழா போஸ்டர் இருநூறு பிரதி அப்படியே அச்சாகி வந்தது. காசு என் கையிலிருந்துதான் போனது. உங்களுடையதும் பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்ஸில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இன்னும் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகள் என்று இருக்கும். அதுவும் சரிவரவில்லையென்றால் எழுத்தை மட்டும் கிம்ப்பில் அடித்துப் படமாகக் கொண்டுவரலாம். 'பலூ தம்பி' என்ற தடிமனான எழுத்துருவைப் பார்க்கலாம். ஒரே எழுத்துரு, இரண்டே அளவு, அதற்கு மேல் வேண்டாம்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் படத்தைத் திரையில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கி, குழுவில் இல்லாத ஒருவரிடம், உங்கள் அம்மாவிடமே கூட, "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். "உறுமி" என்று வந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம். "யாரோ கூடை தூக்குகிறார்" என்று வந்தால், விரிப்பை இன்னும் துவைக்கப் போடாதீர்கள்.