பல் பிடுங்கிய குழியில் ஜெல், எலும்புத்தூள் எல்லாம் வைக்கத்தான் வேண்டுமா?

கேட்டவருக்குக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. குழிக்குள் ஏதாவது வைத்து மூடினால் சீக்கிரம் ஆறும் என்கிறாராம் டாக்டர். இந்தப் புதுப் பொருள்கள் உண்மையிலேயே வேலை செய்யுமா என்பது கேள்வி. நான் பல் டாக்டர் இல்லை. இரண்டு ஞானப்பற்களை இரண்டு விதமாகப் பிடுங்கிக்கொண்டவன், நடுவில் கொஞ்சம் அதிகமாகவே படித்தவன், அவ்வளவுதான்.

முதல் பல்லுக்கு எதுவும் வைக்கவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாயெல்லாம் ரத்த வாடை, அருவருப்பு தாங்காமல் அன்று ராத்திரியே பலமாகக் கொப்பளித்துத் துப்பினேன், கறுப்பாக ஒரு துண்டு சேர்ந்து வந்து விழுந்தது, அப்பாடா சுத்தமாகிவிட்டது என்று படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் வலி காது வரைக்கும் தெறித்தது. கண்ணாடியில் பார்த்தால் குழி காலி, உள்ளே வெளிறிப்போன எலும்பு. டிரை சாக்கெட் என்பது இதுதான். நான் துப்பியது அழுக்கு இல்லை, புண்ணின் மூடி. டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் மணக்கும் மருந்துத் திரி ஒன்றை உள்ளே வைத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கையில் அடிபட்டால் ரத்தம் உறைந்து பொருக்குத் தட்டிவிடும். வாய்க்குள் எப்போதும் ஈரம், பொருக்குக் கட்டாது. எலும்பைக் காப்பது அந்த மெத்தென்ற ரத்தக்கட்டி மட்டும்தான். வீடு கட்டும்போது சாரம் கட்டுவார்களே, அந்த வேலையையும் அதுவே செய்கிறது: முதல் வாரத்தில் பொடி ரத்தக்குழாய்களும் செல்களும் அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே ஏறுகின்றன. மேலே ஈறு மூட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மூன்று நான்கு மாதமாவது வேண்டும். விற்பனைக்கு வரும் பொருள் எதுவானாலும் இந்தக் கட்டியைப் பிடித்துவைக்கும், இல்லை அதைப்போல நடிக்கும், இல்லை எலும்புக்குச் சாரமாக நிற்கும். அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, வைக்கப்போவது ஈறு ஆறுவதற்கா, எலும்பு குறையாமல் இருப்பதற்கா என்பதுதான். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம்.

ரத்தக்கட்டியைக் காப்பதற்கு எளிமையானது கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் ஆன பஞ்சு, பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்தோ தசைநாரிலிருந்தோ எடுப்பது. ரத்தத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரத்துக்குள் தானாகக் கரைந்துவிடும். கைட்டோசான் என்று ஒன்று இருக்கிறது, இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. அதில் நேர்மின்னூட்டம், ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உடம்பின் உறையும் ஏற்பாட்டை நம்பாமல் ரத்தத்தை நிறுத்துவதால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

என் இரண்டாவது பல்லுக்கு வைத்தது பி.ஆர்.எஃப்., அதாவது பிளேட்லெட் ரிச் ஃபைப்ரின், தட்டணுக்கள் நிறைந்த ரத்த ஜவ்வு. பிரான்ஸில் ஜோசப் சுக்ரூன் 2001-இல் கொண்டுவந்த முறை. கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள், உறையாமலிருக்க எந்த மருந்தும் சேர்க்காமல் உடனே சுழற்றும் இயந்திரத்தில் வைத்தார்கள், பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அது ரீங்காரமிட்டது. குழாயை வெளியே எடுத்தால் அடியில் சிவப்பு, மேலே தெளிந்த நீர், நடுவில் மஞ்சளாக வழுவழுவென்று ஒரு ஜவ்வு. அதை இடுக்கியால் தூக்கி, சிவப்பை நறுக்கிவிட்டு, அமுக்கிக் குழிக்குள் வைத்துத் தையல் போட்டார்கள். என் ரத்தத்தையே எடுத்து எனக்கே திருப்பி வைத்ததில் புதுசு என்ன என்று அப்போது தோன்றியது. அந்த ஜவ்வு ஃபைப்ரின் வலை, ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழைகளின் பின்னல், அதில் சிக்கியிருக்கும் தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் திசு வளரத் தூண்டும் புரதங்களை ஒரு வாரத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. கீழ்த்தாடை ஞானப்பல்லில் வலியும் டிரை சாக்கெட்டும் குறைகிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. எலும்பு வேகமாக வளரும் என்பதற்கு அந்த அளவு இல்லை. எனக்கு இரண்டாம் முறை வலி குறைவுதான், ஆனால் இந்த முறை நான் கொப்பளிக்கவும் இல்லையே!

எலும்புக் கதை வேறு. பல் போனதும் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லை. கன்னப்பக்கச் சுவர் மெல்லியது, அதுதான் முதலில் கரையும். ஒரே வருஷத்தில் அகலம் பாதி வரை குறையலாம், அதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே. முன்பல்லோ, இம்பிளான்ட் (எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) வைக்கும் எண்ணமோ இருந்தால் எலும்புத்தூள் அர்த்தமுள்ளது. மாட்டெலும்பைச் சுத்திகரித்த தூள், மனித தானத்தில் வந்த எலும்பு, செயற்கையான கால்சியம் பாஸ்பேட் என்று பல வகை. இதில் எனக்குப் பிடித்தது கண்ணாடி. அமெரிக்க விஞ்ஞானி லாரி ஹென்ச் 1969-இல் செய்த உயிர்க்கண்ணாடி உடம்பில் பட்டதும் மேலே எலும்புக் கனிமம் போன்ற ஒரு படலம் உண்டாகி எலும்போடு ஒட்டிவிடும், 1988-லேயே அதைக் கூம்பாக வார்த்துப் பல் குழிக்குள் வைத்திருக்கிறார்கள். எது வைத்தாலும் கரைவது குறையுமே தவிர முழுசாக நிற்காது. மாட்டெலும்புத் தூள் துகள்கள் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும், அதில் தப்பொன்றும் இல்லை.

உங்கள் கடைவாய்ப்பல் ஞானப்பல்லாக இருந்து, அந்த இடத்தில் வேறு பல் கட்டும் எண்ணமும் இல்லையென்றால் எலும்புத்தூளுக்குத் தலையாட்ட நான் யோசிப்பேன். கொலாஜனோ பி.ஆர்.எஃப்.போ கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரும்பாலான குழிகள் தாமாகவே ஆறிவிடும். சீழ் இருக்கிற குழியில் எதைத் திணித்தாலும் சிக்கல், அதை முதலில் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பொருள் எந்த உயிரினத்திலிருந்து வந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள், மாடு, பன்றி, மனிதர் எல்லாம் உண்டு, சிலருக்கு மதம் சார்ந்த தயக்கம் இருக்கும். நண்டு, இறால் ஒவ்வாமை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், முதல் நாள் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள், புகை வேண்டாம். இரண்டு நாள் வலி குறைந்துவிட்டு மூன்றாம் நாள் திடீரென்று ஏறினால், உள்ளே எதை வைத்திருந்தாலும் சரி, அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.