ஒரே ஒரு சைட்டோகைனை (செல்லுக்குச் செல் சேதி சொல்ற புரதம்) ஒரு விஞ்ஞானி வாழ்நாள் முழுக்க ஆராயுறதால சாமானியனுக்கு என்ன லாபம்?

கேட்டவர் இம்யூனாலஜி பேப்பர்ல மாட்டிக்கிட்ட கடுப்புல கேட்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன், இல்லேன்னா மன்னிச்சுக்கோங்க. ஆனா எனக்கு சுருக்குன்னு தைச்சிருச்சு, அதான் நைட் டூட்டியில உக்காந்து டைப் பண்றேன்.

நான் டாக்டர் இல்ல. டிஎம்எல்டி முடிச்சிட்டு ராமநாதபுரத்துல ஒரு லேப்ல வேலை. சொந்த ஊர் பாம்பன் பக்கம். அம்மா சின்ன வயசுல இருந்து கடல்ல பாசி எடுக்குற ஆளு, விரல்ல துணியச் சுத்தி, கண்ணாடிய மாட்டிக்கிட்டு முங்குனா மரிக்கொழுந்து, கட்டைக்கோரைன்னு மூட்டையோட தான் கரையேறும். சில வருஷம் முன்னாடி ரெண்டு கை விரல் மூட்டும் வீங்கி, காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு டம்ளர் பிடிக்க முடியல. ஊர்ல எல்லாரும் உப்புத்தண்ணி வாதம்னாங்க. மதுரையில காட்டுனா சரவாங்கி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குற வாதம், அவங்க பாஷையில ஆர்ஏ (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்). வாரம் ஒரு தடவை போடுற மாத்திரை கேக்கல, கடைசியில டோசிலிசுமாப்னு நாலு வாரத்துக்கு ஒரு டிரிப்ஸ். அண்ணன் சவுதியில இருந்து அனுப்புன காசு, அது தனிக் கதை.

மூணாவது டிரிப்ஸுக்கு அப்புறம் விரல் மடங்குச்சு. மடங்குன உடனே அம்மா கடலுக்குப் போயிருச்சு. பார்ல, அதான் கடலுக்குள்ள இருக்குற பாறைத்திட்டுல, மிதிச்சு உள்ளங்கால் கிழிஞ்சிருக்கு, மஞ்சள வச்சுக் கட்டிக்கிட்டு மூச்சு விடல. நொண்டி நடக்குறப்ப தான் பார்த்தேன். காய்ச்சல் இல்ல. நானே ரத்தம் எடுத்து சிஆர்பி டெஸ்ட் போட்டேன் (உடம்புல அழற்சியோ கிருமித்தொற்றோ இருந்தா ரத்தத்துல ஏறுற புரதம் அது), சுத்தமா நார்மல், வெள்ளை அணுவும் ஏறல. ஒண்ணும் இல்லம்மான்னு என் வாயால சொன்னேன். இத டைப் பண்ணவே கூசுது.

மறுநாள் மதுரை டாக்டர்கிட்ட போன்ல வேற எதையோ கேக்கப்போயி இதையும் சொன்னேன், அவர் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. "அந்த மருந்து உள்ள இருந்தா சிஆர்பி ஏறாதுப்பா, காய்ச்சலும் வராம போகும், உடனே கூட்டிட்டு வா!" கீறிப் பார்த்தா உள்ள அவ்வளவு சீழ்.

அப்புறம் தான் படிச்சேன். ஒசாகா யூனிவர்சிட்டியில டடாமிட்சு கிஷிமோட்டோவும் டோஷியோ ஹிரானோவும் 1986ல ஒரு ஜீனைப் பிரிச்சு எடுத்தாங்க. பி செல்லுங்கிற வெள்ளை அணுவை ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்குற புரதம்) சுரக்க வைக்கிற பொருள்னு தான் தேடுனாங்க, பார்த்தா கல்லீரலை உசுப்புற பொருள்னு வேற லேப்ல தேடிக்கிட்டு இருந்ததும் இதே தான், நம்ம ஊர்ல ஒரே ஆளுக்குத் தெருவுக்கொரு பட்டப்பேர் இருக்குமே அது மாதிரி. கடைசியில ஐஎல்-6னு ஒரே பேர், நீங்க கேட்ட சைட்டோகைன்ல இதுவும் ஒண்ணு. 1988ல அதோட ரிசெப்டரையும், அதாவது அந்தச் சேதியை வாங்குற செல்லோட வாசலையும் பிடிச்சாங்க. அந்த ரிசெப்டரை அடைக்கிறது தான் அம்மாவுக்கு ஏத்துன மருந்து. ஜப்பான்ல ஆர்ஏவுக்கு அனுமதி கிடைச்சது 2008ல, எத்தனை வருஷம்னு எண்ணிக்கோங்க.

பாம்பன்காரனுக்கு இது லேசா புரியும். துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்கள்ல, ஐஎல்-6 அந்தக் கூண்டு. அதைப் பார்த்து தான் கல்லீரல் சிஆர்பியை ரத்தத்துல கொட்டும், மூளை சூட்டை ஏத்தும். சரவாங்கியில புயலே இல்லாம கூண்டு தொங்கிக்கிட்டே இருக்கு. மருந்து என்ன பண்ணுதுன்னா பார்க்குறவன் கண்ணைக் கட்டிவிடுது. மூட்டு தப்பிச்சது, ஆனா நிஜப் புயல் வந்தப்ப கல்லீரலுக்கும் தெரியல, என் மெஷினுக்கும் தெரியல.

உவமை நூத்துக்கு நூறு சரியில்லன்னு தெரியும், படிச்சவங்க வந்து குதறாதீங்க. மருந்து கெட்டதுன்னும் சொல்லல, இதப் படிச்சிட்டு யாரும் நிறுத்திராதீங்க. கால் ஆறுனதும் அம்மாவுக்கு திரும்ப அதே டிரிப்ஸ் தான்.

அந்த 1986 எங்களுக்கு வேற விதத்துலயும் மறக்காது. மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் தேசியப் பூங்கான்னு அறிவிச்சது அதே வருஷம். பாட்டி பாசி எடுத்த இடத்துல அம்மா திருடி மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு எடுத்துச்சு, எத்தனை தடவை மூட்டைய பறிகொடுத்துட்டு ஈரச்சேலையோட வந்திருக்கு. பவளப்பாறைய நாசம் பண்ணது விரல்ல துணி சுத்துன பொம்பளைங்க தானா? சரி, நீங்க கேட்டது இது இல்ல.

லாபம் என்னன்னு தானே கேட்டீங்க. இப்பல்லாம் சிஆர்பிக்கு யார் வந்தாலும் மூட்டுக்கு ஊசி, டிரிப்ஸ் ஏதும் போடுறீங்களான்னு கேட்டுட்டு தான் ரத்தம் எடுக்குறேன். போன வாரம் ஒரு பெரியவர், "முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பேன் தம்பி, அது கணக்கா?"ன்னு கேட்டாரு.