பாட்டு தெரியும், ஆள் தெரியாது

அன்புள்ள ஐயா,
ராக் பாடகர்களைப் பற்றிய கட்டுரையில், சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடும் அமெரிக்கர் ஜான் ஹையட்டைக் ‘கொண்டாடப்படாதவர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். போனி ரெயிட், எரிக் கிளாப்டன், ஜோ காக்கர் என்று பெரிய பாடகர்கள் எல்லாரும் அவர் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன கொண்டாட்டம் வேண்டும்?
எம்., மதுரை

அன்புள்ள எம்.,
அந்த மூவரின் பெயரையும் நீங்கள் தேட வேண்டியிருக்கவில்லை, இல்லையா? ஹையட்டைத் தேடித்தான் பிடித்தீர்கள். நானும் அப்படித்தான். ‘ரைடிங் வித் த கிங்’ பாட்டை ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கும் கிளாப்டனும் 2000-ல் பாடிக் கேட்டபோது, கிங்குக்காகவே எழுதியது என்று நினைத்துக்கொண்டேன். அது 1983-லேயே ஹையட் போட்ட ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு.

இண்டியானாபொலிஸில் 1952-ல் பிறந்தவர். 18 வயதில் நாஷ்வில்லுக்குப் போய், வாரம் 25 டாலருக்கு ஒரு இசைப் பதிப்பகத்தில் பாட்டு எழுதினார். 1974-ல் த்ரீ டாக் நைட் குழு பாடிய அவர் பாட்டு ஹிட். அதே ஆண்டு வந்த அவருடைய முதல் ஆல்பம் விற்கவில்லை. எபிக், எம்சிஏ, கெஃபன் என்று மூன்று இசைத்தட்டு நிறுவனங்கள் அவரை எடுத்தன, விட்டன. நடுவில் அவரை, இங்கிலாந்துப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் அமெரிக்கப் பதிப்பாக விற்கவும் பார்த்தார்கள். குடி வேறு. 1984-ல் அதை விட்டார். மறு வருடம் மனைவி தற்கொலை செய்துகொண்டார். கையில் சின்னப் பெண் குழந்தை.

அப்புறம் வந்ததுதான் ‘பிரிங் த ஃபேமிலி’. 1987, லாஸ் ஏஞ்சலஸ். கிதாருக்கு ரை கூடர், பாஸுக்கு நிக் லோ, டிரம்ஸுக்கு ஜிம் கெல்ட்னர். நாலே நாளில் பதிவு முடிந்தது. மெருகேற்ற நேரமில்லாததுதான் அதன் அதிர்ஷ்டம் என்பேன். ‘ஹேவ் எ லிட்டில் ஃபெய்த் இன் மீ’ (என்மேல் கொஞ்சம் நம்பிக்கை வை) பாட்டில் பியானோவும் அவர் குரலும் மட்டும். அழகான குரல் இல்லை. தொண்டை கட்டினாற்போல் இருக்கும், உச்சத்தில் கீச்சென்று உடையும். காக்கர் அதே பாட்டை நன்றாகவே பாடியிருக்கிறார். ஆனால் அவர் கேட்டால் நம்பிக்கை கிடைத்துவிடும் என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஹையட் பாடும்போது அது தெரிவதில்லை.

அந்த ஆல்பத்திலிருந்த ‘திங் கால்டு லவ்’ பாட்டைத்தான் ரெயிட் 1989-ல் பாடினார். அது இடம்பெற்ற ஆல்பம் அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது. சரி, ஹையட்டுக்கு ராயல்டி வந்திருக்கும், பசி இல்லை. அதே நாலு பேரும் 1992-ல் லிட்டில் வில்லேஜ் என்ற பெயரில் மறுபடி கூடினார்கள். இந்த முறை கூடி வரவில்லை. ஒரே ஆல்பத்தோடு கலைந்தார்கள்.

கிளாப்டனை விட்டுவிட்டு 2021-ல் வந்த ‘லெஃப்டோவர் ஃபீலிங்ஸ்’ கேளுங்கள். டோப்ரோ என்ற கிதார் வகையை வாசிக்கும் ஜெர்ரி டக்ளஸோடு செய்தது, டிரம்ஸே கிடையாது. ஹையட் சிறுவனாக இருந்தபோது அவருடைய அண்ணன் தற்கொலை செய்துகொண்டார். எழுபதை நெருங்கும் வயதில் அதை ஒரு பாட்டில் பாடியிருக்கிறார். அதை இன்னொருவர் எடுத்துப் பாடிவிட முடியுமா என்று, கேட்டுவிட்டு எழுதுங்கள்.