மரத்தை அளக்க யார் வேண்டுமானாலும் வரலாமா?

கேள்வி: நகர மரங்களைத் தொடர்ந்து கண்காணிக்க ஒரு தன்னார்வலர் குழு சேர்த்திருக்கிறோம். யாரும் தாவரவியல் படித்தவர்கள் இல்லை. நாங்கள் எடுக்கும் கணக்கை ஆய்வாளர்கள் நம்புவார்களா?

பதில்: தாராளமாக நம்பலாம், ஆனால் தன்னார்வலர்களிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நியூயார்க்கில் 2015-ல் தெருவோர மரங்களைக் கணக்கெடுத்தபோது 2,200-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் நகர ஊழியர்களோடு இறங்கி வேலை செய்தார்கள். 6,66,000 மரங்களுக்கு மேல் பதிவாயின.

"மரம் நலமா?" என்று கேட்காதீர்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பட்ட கிளைகள் கால் பங்குக்கு மேல் இருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, சிமென்ட் தண்டை ஒட்டிப் பூசியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள்.

அப்புறம் சுற்றளவு. இதில்தான் நான் ரொம்பக் கறாராக இருப்பேன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது பல நாடுகளில் வழக்கம், அமெரிக்காவில் 1.37 மீட்டர், எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும், அந்த உயரத்துக்குக் கீழேயே தண்டு பிரிந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும், அங்கே முண்டு இருந்தால் சற்று மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் குறித்துவிட வேண்டும். பல மரங்கள் ஓராண்டில் ஓரிரு சென்டிமீட்டர்தான் பருக்கும், டேப் கொஞ்சம் சாய்ந்தாலே அந்த வளர்ச்சி பிழைக்குள் மறைந்துவிடும். அதனால் வருடா வருடம் அளப்பதைவிடச் சில ஆண்டுகள் விட்டு ஒழுங்காக அளப்பது நல்லது.

இனம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுத அனுமதியுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட இலை, பட்டை, பூ, காய் படங்கள் பயன்படும், பெயரைப் பிறகு தெரிந்தவர் போட்டுக்கொள்ளலாம். வெட்டப்பட்ட, விழுந்த மரத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவே கூடாது. எந்த வயதில், எந்த இடத்தில் மரங்கள் சாகின்றன என்பது அதிலிருந்துதான் தெரியும்.

பத்தில் ஒரு மரத்தையாவது அனுபவமுள்ள ஒருவர், பழைய அளவைப் பார்க்காமல், மறுபடி அளக்கட்டும். உங்கள் பிழை எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிட்டால் ஆய்வாளர்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: ஆரம்பத்தில் வருகிறார்கள், பிறகு காணாமல் போகிறார்களே?

பதில்: ஆளுக்கு நூறு மரம் கொடுத்தால் அப்படித்தான். இரண்டு மூன்று மரங்களைப் பொறுப்பாகக் கொடுங்கள், வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் பார்த்து எழுதட்டும், எதுவும் இல்லாத வாரத்தில் "இல்லை" என்றும் எழுதட்டும், அதுவும் தகவல்தான். அவர்கள் கொடுத்த தகவலிலிருந்து என்ன தெரிய வந்தது என்பதை அவர்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். பல குழுக்கள் இதைச் செய்வதே இல்லை.