ஸ்மித்தா, மர்ரேயா?

கூடைப்பந்து: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகர்): எனக்கும் என் அத்தை மகனுக்கும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பேச்சு எடுத்தாலே சண்டை. ஹூஸ்டனின் ஜபாரி ஸ்மித் ஜூனியரும் சாக்ரமென்டோவின் கீகன் மர்ரேயும் ஒரே அச்சில் வார்த்தவர்கள், யாரை வாங்கினாலும் ஒன்றுதான் என்கிறான் அவன். 2026 பிப்ரவரி 5 கெடுவுக்குள் ஓர் அணி இவர்களில் ஒருவரை ட்ரேடில் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில்) கேட்பதென்றால் யாரைக் கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் அத்தை மகன் ஸ்கோர் அட்டையோடு நிறுத்திக்கொள்கிறார் போலிருக்கிறது. அட்டைப்படி அவர் சொல்வதில் தப்பில்லை. 2022 டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில்) ஸ்மித் 3-ஆவது, மர்ரே 4-ஆவது. 2024-25 பருவத்தில் ஸ்மித் ஆட்டத்துக்கு 12.2 புள்ளி, 7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), மர்ரே 12.4 புள்ளி, 6.7 ரீபவுண்ட். த்ரீ எறிதலில் (தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிவதில்) ஸ்மித் 35.4 சதவீதம், மர்ரே 34.3. இருவரிடமும் ஆட்டத்துக்கு இரண்டு அசிஸ்ட்கூட (சக ஆட்டக்காரர் கூடை போட உதவும் பாஸ்) தேறாது. பந்தைக் கையில் கொடுத்து "நீயே பார்த்துக்கொள்" என்று ஒதுங்க முடியாத ஆட்டக்காரர்கள். இன்னொருவர் திறந்துவிட்ட வழியில் எறிந்து முடிப்பவர்கள். வருங்கால நட்சத்திரம் என்று நினைத்து இவர்களுக்கு விலை பேசும் அணி கையைச் சுட்டுக்கொள்ளும்.

எதிரணி பந்தோடு வரும்போதுதான் இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பது தெரியும். மர்ரே 6 அடி 8 அங்குலம். எதிரணியின் முக்கியமான கார்டையே (பந்தை நடத்திவரும் வேகமான ஆட்டக்காரர்) பல ஆட்டங்களில் இவரிடம் ஒப்படைக்கிறார்கள். ஸ்க்ரீன்களை (வழி மறித்து நிற்கும் எதிரணி ஆட்களை) தாண்டி ஓடி, ஒரு கார்டின் பின்னாலேயே 35 நிமிடம் அலைந்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து த்ரீ எறிய வேண்டும். முதல் வருடம் 41.1 சதவீதமாக இருந்த எறிதல் அடுத்து 35.8, பிறகு 34.3 என்று இறங்கியதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. கை மறந்துபோகவில்லை. அறிமுக வருடத்திலேயே 206 த்ரீ போட்டு, டோனவன் மிட்செலின் 187 என்ற புதுமுகச் சாதனையை உடைத்த கை அது. 2023 டிசம்பரில் யூட்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 12 த்ரீ போட்டார்.

ஸ்மித் அவரைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரம். பவர் ஃபார்வர்ட் (கூடைக்கு அருகே ஆடும் பெரிய ஆள்) இடம்தான் இவருக்குச் சொந்த இடம். உயரமில்லாத ஐவர் இறங்கும்போது சென்டராகவும் (கூடையடியைக் காக்கும் ஆள்) நிற்பார். எட்டிக் கை நீட்டினாலே எறிபவரின் கணக்கு குழம்பும். ஆனால் வேகமான கார்டு முன்னால் இவரை நாள் முழுக்க நிறுத்தினால் இடுப்பைத் திருப்புவதற்குள் ஆள் கடந்துபோய்விடுவார். எறிதலில் மர்ரேக்கு நேர்மாறு: 30.7-இல் தொடங்கி 36.3-க்கு ஏறி, 35.4-இல் நிற்கிறார்.

ஆகவே, கூடையைக் காக்க நல்ல சென்டர் இருந்து, ஓரத்தில் ஓடித் தடுக்க ஆள் இல்லாத அணி மர்ரேயைக் கேட்கட்டும். சென்டர் குட்டையானவர், அல்லது த்ரீ எறியத் தெரியாதவர் என்றால் ஸ்மித். இரண்டு குறையும் இல்லையென்றால் எங்கள் ஓட்டு ஸ்மித்துக்கே. அவர் பிறந்தது 2003 மே மாதம், மர்ரே 2000 ஆகஸ்டு. இருவரும் கையெழுத்திட்டிருக்கும் புதிய ஒப்பந்தம் 2031-இல் முடியும்போது ஸ்மித்துக்கு 28 வயது, மர்ரேக்கு 31 நெருங்கியிருக்கும். விலையிலும் ஸ்மித்தே மலிவு: 5 வருடத்துக்கு 122 மில்லியன் டாலர். மர்ரேக்கு அதே 5 வருடத்துக்கு 140.

(ஒரு வேடிக்கை: ஸ்மித்தின் அப்பாவை 2000-ஆம் வருடம் டிராஃப்டில் எடுத்தது சாக்ரமென்டோதான்.)

கேள்வி (மெரபேங்க் வாசகர்): 2025-26 பருவத்தில் மர்ரேயின் சம்பளம் 11 மில்லியன்தான். அதே 11 மில்லியன் வாங்கும் ஒருவரைக் கொடுத்து அவரை எடுக்க முடியாது என்கிறார்களே, ஏன்?

பதில்: நல்ல கேள்வி, பலர் இடறும் இடம். புதுமுக ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருப்பவர் நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது அமலுக்கு வரும் ஜூலை வரை அவருக்கு இரண்டு விலை. இதற்கு 'பாய்ஸன் பில்' என்று பட்டப்பெயர். அனுப்பும் அணி ட்ரேட் கணக்கில் இந்த வருடச் சம்பளத்தையே எழுதும். வாங்கும் அணியோ இந்த வருடத்தையும் வரப்போகும் ஐந்து வருடங்களையும் கூட்டி ஆறால் வகுத்து எழுத வேண்டும்.

மர்ரேக்குப் போட்டுப் பாருங்கள். 11.1-உம் 140-உம் சேர்ந்து 151.1, ஆறால் வகுத்தால் சுமார் 25.2 மில்லியன். முதல் ஏப்ரனுக்கு (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் ஒரு வரம்பு) கீழே உள்ள அணி, இந்த அளவுச் சம்பளங்களில், அனுப்புவதைவிட சுமார் 8.5 மில்லியன் கூடுதலாக வாங்கலாம். எனவே வாங்கும் அணி 16.7-க்குக் குறையாமல் அனுப்ப வேண்டும். சாக்ரமென்டோவின் கணக்கில் போவது 11.1 மட்டும் என்பதால், அது 19.7-க்கு மேல் வாங்க முடியாது. நடுவில் இருப்பது மூன்று மில்லியன் இடைவெளி. அதற்குள் பொருந்தும் சம்பளம் எத்தனை அணியிடம் இருக்கும்?

ஸ்மித்துக்கு 12.35-உம் 122-உம், சராசரி 22.4. அனுப்ப வேண்டியது 13.9 முதல் 20.9 வரை எதுவாகவும் இருக்கலாம். கதவு இரண்டு மடங்குக்கு மேல் அகலம். யாரை எளிதாக வாங்கலாம் என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

2025-26 பருவத்தின் முதல் ஏப்ரனான 195.9 மில்லியனைத் தாண்டிய அணி, அனுப்புவதைவிட ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்கக் கூடாது. அது மர்ரேக்கு 25.2 அனுப்பியாக வேண்டும். சாக்ரமென்டோ அவ்வளவு வாங்க முடியாது. மூன்றாவது அணி ஒன்றை இழுத்தாலோ, சாக்ரமென்டோ இன்னோர் ஆளையும் சேர்த்து அனுப்பினாலோதான் கணக்கு நேராகும்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகி): நண்பர்களோடு ஃபான்டஸி (நிஜ ஆட்டக்காரர்களின் எண்களை வைத்து ஆடும் போட்டி) ஆடுகிறேன். மர்ரேயைக் கொடுத்து ஸ்மித்தை வாங்கலாமா, அண்ணா?

பதில்: ரீபவுண்ட் வேண்டுமென்றால் வாங்குங்கள், தங்கச்சி. அசிஸ்டுக்காக என்றால் வேண்டாம், இருவரிடமும் கிடைக்காது. காயக் கணக்கையும் பாருங்கள். மர்ரே முதல் மூன்று பருவத்தில் 80, 77, 76 ஆட்டம் ஆடிய ஆள். 2025-26 பருவத் தொடக்கத்தைக் கட்டைவிரல் தசைநார் கிழிந்து தவறவிட்டார். ஸ்மித் 2024-25 பருவத்தில் கை எலும்பு முறிந்து 57 ஆட்டத்தோடு நின்றார். இரண்டுமே கைக்காயம், முழங்கால் அல்ல. அதனால் பயந்து விலையைக் குறைக்காதீர்கள்.

கேள்வி (லெனேசியா வாசகர்): இவர்கள் ஆட்டத்தை நம் ஊரில் எத்தனை மணிக்குப் பார்ப்பது?

பதில்: ஹூஸ்டனில் மாலை 7 என்றால் தென்னாப்பிரிக்காவில் நமக்கு விடியற்காலை 3. சாக்ரமென்டோவில் 7 என்றால் நமக்கு 5. வேலைக்குப் போகுமுன் பாதி ஆட்டம் பார்த்துவிடலாம். மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை முதல் இரண்டும் ஒரு மணி நேரம் முன்னால் வரும். ட்ரேட் கெடு 2026 பிப்ரவரி 5, நம் நேரப்படி இரவு 10 மணிக்கு.