மேட்டில் மட்டும் சூடேறும் பழைய லாரி
உங்கள் பழைய லாரி மேட்டில் மட்டும் சூடேறுகிறது, தெர்மோஸ்டாட்டை (எஞ்சினின் சூட்டுக்கேற்பக் குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை) கழற்றிவிட்டு ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சமதளத்தில் சீராக இருக்கும் சூடு, சுமையோடு மேட்டில் மெதுவாக ஏறும்போது மட்டும் உயர்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், பெரும்பாலும் பழுது விசிறிக் கிளட்சில்தான் (சூடு ஏறும்போது ரேடியேட்டர் விசிறியை எஞ்சினோடு இறுக்கமாகப் பிணைத்து வேகமாகச் சுழலவைக்கும் இணைப்பில்தான்) இருக்கும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மேட்டில் அந்த வேலை விசிறியின் மேல் விழுகிறது.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையுறை அணிந்து விசிறியைச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிப் பல சுற்று சுழன்றாலோ, கிளட்சின் மையத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ அதை மாற்றிவிடுங்கள்.

கிளட்ச் இல்லாமல் நேரடியாகப் பொருத்திய விசிறி என்றால் இந்தச் சோதனை பொருந்தாது. அப்போது பெல்ட்டின் இறுக்கத்தையும், பழைய வண்டிகளில் மிகச் சாதாரணமான ரேடியேட்டர் அடைப்பையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.