நோயாளிக்காகப் பேசுவது தொழிலாகுமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டுக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பார்க்கின்சன் நோயுள்ள அப்பாவுடன் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு அலைந்ததில் நடைமுறைகள் எல்லாம் அத்துப்படி. அவருக்கு எது தேவை என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நரம்பியல் நோயாளிகளுக்காக வாதாடுவதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். 'அது தொண்டு, தொழில் அல்ல' என்று சித்தப்பா தடுக்கிறார். தங்கள் கருத்து என்ன?
- வாசகி, அல்சூர், பெங்களூரு.

பதில்: உங்கள் சித்தப்பா சொல்வது சரியன்று. துணை மருத்துவத் தொழில்கள் குறித்த 2021ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச் சமூகப் பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால், 'அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தோடு இந்தப் பணிக்கு வராதீர்கள்.

பார்க்கின்சன் நோயில் குரல் தணிந்துவிடும். முகத்தசைகள் இறுகி, மகிழ்ச்சியோ வருத்தமோ வெளியே தெரியாமல் போகும். மருத்துவர் கேட்ட கேள்விக்கு நோயாளி முதல் சொல்லைக் கூட்டி எடுப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் மகனோ மகளோ பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர் திறந்த வாயை மூடிக்கொள்கிறார், பிள்ளை சொன்னது கோப்பில் ஏறிவிடுகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களிலும் பலருக்கு நாம் பேசுவது புரியும். படத்தைக் காட்டியோ தலையசைக்கச் சொல்லியோ பொறுமையாகக் கேட்டால் தம் விருப்பத்தைத் தெரிவிப்பார்கள். அவர்களுக்கு வேண்டிய அந்த அரை நிமிடத்தை மருத்துவரிடமும் உறவினரிடமும் போராடிப் பெற்றுத்தருவதுதான் இந்தப் பணியின் உயிர்நாடி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) கூட, காப்பாளர் தன்னிச்சையாக முடிவெடுப்பதை விடுத்து, சம்பந்தப்பட்டவரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையைத்தான் முன்வைக்கிறது.

வாதாடத் துணிவு மட்டும் போதாது, விவரமும் வேண்டும். எலும்பு முறிவுக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்படும் பார்க்கின்சன் நோயாளிக்கு, அவருக்குரிய நேரத்தில் அந்நோய்க்கான லெவோடோபா மருந்து கிடைக்காமல் வார்டில் மாத்திரை கொடுக்கும் நேரத்திற்குத்தான் கிடைக்கும் என்றால், இடையில் உடல் இறுகிக் கட்டிலில் புரளவும் முடியாமல் கிடப்பார். விவரம் தெரியாதவர்கள் அவர் ஒத்துழைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வாந்தியை நிறுத்தத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு அவருடைய நிலையை இன்னும் மோசமாக்கும். மாத்திரை நேரங்களையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி, சேர்க்கும்போதே பணியிலுள்ள செவிலியரிடம் கொடுத்து விளக்குகிறவரால் அந்த நோயாளிக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாகாது என்று 1999இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் அதை மறைத்தே திருமணம் செய்விக்கிற குடும்பங்களிடமும் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் வருமானம் குறைவாகவே இருக்கும். கட்டணம் தருவது குடும்பமாக இருந்தாலும் நீங்கள் நோயாளியின் பக்கம்தான் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து நிறுவனத்திடமோ மருத்துவமனையிடமோ கமிஷன் வாங்காதீர்கள். வாங்கினால் உங்கள் ஆலோசனையை யாரும் நம்பத் தேவையில்லை.

பி.காம். பட்டத்தோடு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) சேரலாம், மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாகத் தேர்ந்தெடுங்கள். கன்னடம் பேச மட்டுமே தெரியும் என்றால் எழுதப் படிக்கவும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நிமான்ஸுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பலகையையும் படிவத்தையும் படித்துச் சொல்ல ஆளில்லாமல் தவிக்கின்றன.